பழைய காருக்குப் புதுத் தகடு



தமிழகத்தை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறியவர்கள் தம்முடன் கொண்டு சென்ற பொருள்கள் பலவகைப்பட்டன. ஒருவர் ஆட்டுக்கல்லைக் கொண்டு சென்றார். மற்றொருவர் பாட்டியின் குத்துவிளக்கைக் கொண்டு சென்றார். சிகந்தராபாத் மாரட்பள்ளியில் எங்கள் அண்டை வீட்டில் வசிக்கும் பெரியவர் கொண்டுவந்ததோ ஒரு மோட்டார் கார். 1969-ஆம் ஆண்டு சென்னையில் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. வேலை மாற்றலாகி வந்தபோது மனைவியையும் இரு குழந்தைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, நெல்லூர், விஜயவாடா வழியாக அவரே ஓட்டி வந்தாராம்.

அந்தக் காரின் உடலைத் துரு தின்றுவிட்டது. பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார் பிள்ளை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் நாள்தோறும் காலையில் காரின் அருகே சென்று கதவைத் திறந்து மூடிவிட்டு வருவார். இதைக் கண்ட அக்கம்பக்கத்துத் தமிழர்களாகிய நாங்கள் நால்வர், ஓர் உஸ்தாதின் துணையுடன் அதைச் செப்பனிட முற்பட்டோம். உஸ்தாத் என்பது இவ்வூரில் கைத்தொழிலில் தேர்ந்தவர்களை மரியாதையாக அழைக்கும் சொல். எங்களில் எவரும் தொழில்முறைக் கொல்லர் அல்லர். அந்த ஏழு மாதங்களில் நாங்கள் செய்த பிழைகளையும் கற்ற பாடங்களையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் இந்தக் காரின் குலத்தைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனியார் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற காரை வெளியிட்டனர். அதற்கு உருவம் வகுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அக்காலத்தில் சட்டகம் தனி, உடல் தனி என்றில்லாமல் இரண்டையும் ஒரே கூடாகச் செய்யும் முறை பரவி வந்தது. அவ்வாறு முழுக் கூட்டையும் செய்து தரத்தக்க தொழிற்சாலை தங்களுக்கு அமையாமையால், அவர்கள் பழைய முறைக்கே திரும்பினர். கீழே கனத்த சேஸிஸ் என்னும் சட்டகம். அதன்மேல் பல துண்டுகளாகச் செய்து போல்ட்டுகளால் முடுக்கிய உடல். இதே சேஸிஸைக் குறுக்கி, மிக்கெலோட்டியே உருவம் வகுத்து, 1962-இல் வெளிவந்ததுதான் ஸ்பிட்பயர் என்ற புகழ்பெற்ற பந்தயப் பாணி இருவர் கார். ஆக, நம் ஹெரால்டு அந்த ஸ்பிட்பயருக்கு மூத்த சகோதரம்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு உருவாகத் தொடங்கிற்று. 1968-இல் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. 1972-இல் கெஸல் என்ற பெயரில் அடுத்த கார் வந்து, 1977 வரை நீடித்தது. பின்னர் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. 1980-களின் இறுதியில் அங்கே கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு கொடுத்ததே இல்லை; அது நம் நாட்டிற்கென்று செய்த வடிவம். இந்தச் செய்தி வெறும் பெருமைக்குரியதன்று. அதுவே பின்னால் எங்களுக்குப் பெருந் தொல்லையாயிற்று என்பதை நேயர்கள் காண்பீர்கள்.

ஹைதராபாத் மக்களுக்குப் பழைய கார் என்றால் நினைவுக்கு வருவது சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அதற்கு ஆர்டர் கொடுத்தார். 1911-இல் அவர் காலமான பிறகே, 1912-ஆம் ஆண்டு வடிவமாகிய அந்தக் கார் அவருடைய மகனின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. அரசர் காருக்கு அரண்மனை நிழல் கொடுத்தது. நம் போன்றோர் காருக்குக் கிடைப்பது வீட்டு வாசலும் ஒரு தார்ப்பாயுமே.

அந்தத் தார்ப்பாயிலிருந்தே எங்கள் பாடம் தொடங்குகிறது. துரு என்பது என்ன? இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடும்போது விளைவது. உப்பு சேர்ந்தால் விரைந்து விளையும். ஆதலால் கடற்கரைச் சென்னையில் கார் துருப்பிடிப்பது எளிது. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உள்நாட்டில் அமைந்த ஹைதராபாத்தில் உப்புக் காற்று இல்லை. இங்கே பகை வேறு வழியில் வருகிறது. மழைக்காலத்தில் நனைந்த காரைத் தார்ப்பாயால் இறுக மூடிவிட்டால், உள்ளே ஆவியாகும் நீர் வெளியேற வழியின்றித் தகட்டின்மேல் மீண்டும் படிகிறது. கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால், கதவினுள்ளே நீர் குட்டைபோல் தேங்குகிறது. காலடி விரிப்பு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. போதாக்குறைக்கு 2020 அக்டோபரில் இந்நகரில் பெய்த பெருமழையின்போது எங்கள் தெருவில் நீர் புகுந்தது. பெரியவரின் கார் இரண்டு நாள் அச்சுமட்டம் வரை நீரில் நின்றது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பட்டறையில் கொடுத்து, துருவைச் சரிசெய்து பெயிண்ட் அடித்து வாங்கியிருந்தார்கள். பார்ப்பதற்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மழைக்காலம் செல்வதற்குள் கதவுகளின் அடியிலும், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் படித் தகட்டிலும் அம்மைக் கொப்புளம்போல் பெயிண்ட் உப்பியது. இரும்பைக் காட்டிலும் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே வளரும் துரு மேற்பூச்சைத் தூக்கிவிடுகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே தகட்டின் பெரும்பகுதி போயிருக்கும் என்று கொள்ளவேண்டும்.

துருவைத் தமிழர் துரு என்கிறோம். தெலுங்கர் துப்பு என்கின்றனர். உருதுக்காரர் ஜங் என்கின்றனர். எங்கள் உஸ்தாதுக்கு மூன்று சொற்களும் தெரியும். அவர் முதலில் செய்த காரியம், ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கார் முழுவதும் நகர்த்திப் பார்த்ததுதான். நல்ல தகட்டில் காந்தம் இறுகப் பிடித்தது. படித் தகட்டிலோ வழுக்கி விழுந்தது. அங்கே இருந்தது இரும்பன்று, பட்டி. பின்னர் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினார். நல்ல இடம் மணிபோல் ஒலித்தது. கெட்ட இடம் ஈரப்பலகைபோல் மந்தமாக ஒலித்தது.

படித் தகட்டை அறுத்துத் திறந்தபோது நாங்கள் கண்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். துரு தின்ற ஓட்டைக்குள் பழைய தெலுங்குப் பத்திரிகைத் தாளை உருட்டித் திணித்து, அதன்மேல் கம்பி வலையை வைத்து, ஒரு விரற்கடை கனத்திற்குப் பட்டி பூசியிருந்தார்கள். அந்தத் தாள் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அருகிலிருந்த நல்ல தகட்டையும் அரித்துவிட்டது. எந்தப் பட்டறை என்று பெரியவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "பாதிக் காரியம் வேண்டாம்; வெட்டவேண்டியதை வெட்டிவிடுங்கள்" என்றார். அன்றுதான் அவர் முதன்முதலாகத் தம் கருத்தைச் சொன்னது.

இவ்விடத்தில் ஹெரால்டுக்கும் ஸ்பிட்பயருக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டைக் கூறவேண்டும். ஸ்பிட்பயரில் கதவுக்குக் கீழுள்ள படிப்பகுதி உடலின் பலத்தையே தாங்குவது. அதை அறுப்பதற்கு முன் கதவு வாயிலில் குறுக்குக் கம்பி வைத்துப் பிணைக்காவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டில் வெளிப் படித் தகடு பெரும்பாலும் மூடியாகவே அமைந்தது. பலம் இருப்பது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைபோல் நீண்டு உடலைத் தாங்கும் கிளைகளில். ஆகையால் ஹெரால்டில் வெளித் தகட்டை மட்டும் மாற்றி மகிழ்பவர் ஏமாந்தவராவார். முதலில் காரின் அடியில் படுத்து அந்தக் கிளைகளைப் பார்க்கவேண்டும். எங்கள் காரில் இடப்பக்கத்துக் கிளைகள் இரண்டும் திருப்புளியால் குத்தினால் உள்ளே போகுமளவிற்கு உளுத்திருந்தன.

இதை மாற்றும்போது உடலைக் கழற்றிவிடலாம் என்று எங்களுள் ஒருவர் யோசனை சொன்னார். உஸ்தாத் தடுத்தார். உடல் போல்ட்டுகளில் நின்றபடியே இருந்தால்தான் புதிய கிளை சரியான உயரத்தில் அமையும் என்றார். காரைச் சமதரையில் நிறுத்தி, சேஸிஸின் நேர்க்கோட்டில் நான்கு இடங்களில் தாங்கு கொடுத்தோம். கதவுகளை மாட்டியபடியே, ஒவ்வொரு கதவின் இடைவெளியையும் மேலும் கீழும் அளந்து சுவரில் கரியால் எழுதிவைத்தோம். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தில் ஒரு கிளையை மட்டுமே அறுத்தோம். அதைப் பற்றவைத்து முடித்து, கதவின் இடைவெளி மாறவில்லை என்று உறுதி செய்தபின்னரே அடுத்ததைத் தொட்டோம்.

பற்றவைப்பதற்கு முன் செய்தேயாகவேண்டிய காரியம் ஒன்றுண்டு. ஹெரால்டின் பெட்ரோல் தொட்டி பின்புறச் சாமான் அறைக்குள் இருக்கிறது. அதையும் பாட்டரியையும் கழற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைத்தோம். காலித் தொட்டி என்று அலட்சியம் செய்யலாகாது. பெட்ரோல் நிறைந்த தொட்டியைவிட ஆவி நிறைந்த காலித் தொட்டியே அதிக ஆபத்தானது. பாட்டரியைத் தூக்கியபோது அதன் அடித்தட்டும் அமிலத்தால் சல்லடையாகியிருந்ததைக் கண்டோம். அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

இனி வெளித் தகடுகள். முன்பக்கத்துப் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே முகமாக முன்னோக்கிச் சாய்வது ஹெரால்டின் தனி அழகு. அதன் சக்கர விளிம்புகளில் மட்டுமே சிறிது துரு இருந்தது. பெருஞ்சேதம் பின்கதவுகளில்தான். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு இல்லை என்றோமல்லவா? எனவே அந்நாட்டில் பழைய டிரையம்ப் கார்களுக்குக் கிடைக்கும் தகடுகளில் இந்தக் கதவுக்குரியது இல்லை. சென்னையில் செய்தவர்களோ தொழிலை நிறுத்தி முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. புத்லிபௌலியின் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கியும் பயனில்லை. வெட்டியதைக் கெடுத்தால் மாற்று கிடையாது.

வேறொரு காரணத்தாலும் நாங்கள் கவனமாக இருக்க நேர்ந்தது. 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. ஐம்பது ஆண்டைக் கடந்த கார்களையும் இருசக்கர வண்டிகளையும் பழம்பெரும் வாகனம் எனத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவை மூல வடிவத்திலேயே இருத்தல் வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக்கூடாது. அவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்திற்கு ஓட்டவும் அனுமதியில்லை. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கே அனுமதி. ஆகவே எங்கள் வேலையில் உருவமும் அளவும் ஓர் இம்மியும் மாறலாகாது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பின்னும் படம் பிடித்தோம். வெட்டி எடுத்த துண்டுகளையும் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்தினோம்.

கதவின் அடிப்பகுதியைச் செய்த முறையைச் சொல்கிறோம். துரு தெரிந்த இடத்தோடு நிற்காமல், நல்ல தகடு பளிச்சென்று தெரியும்வரை ஓர் அங்குலம் கடந்து வெட்டவேண்டும். வெட்டிய வடிவத்தை அட்டையில் மாதிரி எடுக்கவேண்டும். அந்த மாதிரியை 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனமுள்ள சி.ஆர். தகட்டின்மேல் வைத்துக் கீறி வெட்டவேண்டும். எளிதில் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டை எடுப்பவர் உண்டு. பற்றவைக்கும்போது அதிலிருந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றும் சரியாகப் பிடிக்காது. வளைவுக்கு மரக்கட்டையில் அச்சு செதுக்கி, டாலி என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் இரும்புக் கட்டியை உட்புறம் பிடித்து, வெளிப்புறம் மெல்லத் தட்டித் தட்டி வடிவத்திற்குக் கொண்டுவந்தார் உஸ்தாத். முதற்கதவின் அடிவளைவுக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று.

புதுத் தகட்டைப் பழையதன்மேல் ஏற்றி ஒட்டுவது சுலபம். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நீர் தங்கி, மறுபடியும் துரு பிறக்கும். விளிம்போடு விளிம்பு பொருத்திப் பற்றவைப்பதே நல்லது. இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். உஸ்தாத் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குச் சென்றிருந்த சமயம், எங்களுள் வெல்டிங் ஓரளவு பழகியவர் ஆர்வ மிகுதியால் ஒரே இழையாக அரையடி நீளம் பற்றவைத்துவிட்டார். வெப்பத்தால் விரிந்த தகடு குளிர்ந்து சுருங்கி, அப்பளம்போல் நெளிந்தது. உஸ்தாத் திரும்பி வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. "அவசரம் உங்களுக்கு, தகட்டுக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார். அந்தத் துண்டை அறுத்தெறிந்து மீண்டும் தொடங்கினோம். இம்முறை ஓரங்குலத்திற்கு ஒரு புள்ளியாக, இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, கைவைத்தால் சூடு தெரியாத அளவிற்கு ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பினோம். காஸ் பற்றவைப்பைவிட, கரியமில வாயுவின் காப்பில் கம்பி ஊட்டும் மிக் வெல்டிங்கில் வெப்பம் குறைந்த இடத்தில் அடங்குவதால் மெல்லிய தகட்டுக்கு அது உகந்தது.

பற்று முடிந்ததும் அரத்தாலும் சக்கரத்தாலும் தேய்க்கும்போது புதுத் தகடே மெலிந்துவிடாமல் பார்க்கவேண்டும். வெட்டாமல் விட்ட இடங்களில் மேலாகப் படிந்த துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலக் கலவையைத் தடவி, கழுவி உலர்த்தினோம். அதன்மேல் ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து நிறுத்திவிடும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. அந்தப் பூச்சில் ஈரம் ஊடுருவும். மேற்பெயிண்ட் இல்லாமல் அதை மழையில் விட்டால் பயனில்லை. நாங்கள் எபாக்ஸி பிரைமரை அடித்து, இணைப்புகளில் அடைப்புப் பசையிட்டு, அதற்குமேல் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் பட்டி பார்த்தோம். பட்டி என்பது சிறு மேடு பள்ளத்தைச் சமப்படுத்தத்தான். ஓட்டையை அடைக்க அன்று. பெயிண்ட் முடிந்தபின், கதவுகளின் உட்புறத்திலும் சேஸிஸ் கிளைகளின் உட்கூட்டிலும் மெழுகுக் கலவையைப் பீச்சி, வடிகால் துளைகள் அனைத்தையும் கம்பி விட்டுத் திறந்துவைத்தோம்.

ஏழாம் மாத இறுதியில் காரை வாசலில் நிறுத்தினோம். நிறம் முன்பிருந்த அதே வெளிர் நீலம். ஒன்று மட்டும் சொல்லிவிடவேண்டும். இடப்பக்கப் பின்கதவில், நன்றாகச் சாய்ந்து பார்த்தால் மெல்லிய அலை ஒன்று தெரியும். அதையும் நிரவிவிடலாம் என்று உஸ்தாத் கேட்டார். பட்டி கனத்துவிடும் என்று பெரியவர் வேண்டாமென்று விட்டார். பிள்ளையோ, விற்கும் பேச்சை எடுக்கவில்லை. சாவியை வாங்கி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். பெரியவர் தாமே முன்னிருக்கையில் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். பத்மராவ் நகர் ஸ்கந்தகிரி கோவில் வரை போய்த் திரும்பினார்கள்.

பெங்களூரிலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நேயர்களுள் எவரேனும் இப்படி ஒரு காரை வைத்திருக்கக்கூடும். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. இன்று மாலையே ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். கதவின் அடித் துளைகளில் கம்பியை விட்டுப் பாருங்கள். தார்ப்பாயை நீக்கிக் காற்றோட்டமான கூரையின் கீழ் நிறுத்துங்கள். கொப்புளம் கண்டால் உடனே திறந்து பார்த்துவிடுங்கள். அது சிறியதாயிருக்கும்போது ஒரு கையகலத் தகட்டோடு காரியம் முடிந்துவிடும். நாங்கள் பெரியவரின் காருக்கு ஆண்டில் இருமுறை, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும், இவ்வாறே செய்து வருகிறோம். இந்த முறை மெழுகு பீச்சும் வேலையைப் பிள்ளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.